கம்ப்ரசர் மாமாவின் தூக்கம்

என் அத்தையின் கணவரைத் தெருவே கம்ப்ரசர் மாமா என்றுதான் கூப்பிடும். ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் பக்கத்திலேயே படுத்து வேலை பார்த்தவர். அது இரையும்வரை குறட்டை விடுவார். நின்ற கணம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நின்றால் ஐஸ் உருகும், முதலாளி கொதிப்பார்.

மாமாவுக்கு இதய ஆபரேஷன் என்று முடிவானதும் நர்ஸ் எங்களை அழைத்துப் பேசினார். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் என்று என்னைத்தான் முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குச் சில நாள் புத்தி தடுமாறும், ஆள் அடையாளம் தெரியாது. முன்கூட்டியே நன்றாகத் தூங்கிப் பழகினால் அந்த ஆபத்து குறையலாம் என்றார்.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. கூட வேலை பார்த்த ஒருவர் ஆபரேஷன் முடிந்து அப்படித்தான் கையில் ஏற்றியிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, மனைவியையே “யாரும்மா நீ?” என்று கேட்டாராம்.

“உயிர் போனாக்கூடப் பரவால்லடா. இவளத் தெரியாமப் போயிடக் கூடாது.”

அத்தை வீட்டையே ஊமையாக்கினாள். டிவி கிடையாது, ஃபேன் கிடையாது, ஜன்னலெல்லாம் இறுகச் சாத்தியாகிவிட்டது. மாமா கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்.

“பெட்டிக்குள்ள வெச்சு மூடின மாதிரி இருக்குடி.”

“பேசாமப் படுங்க. பேச்சுதான் தூக்கத்தைக் கெடுக்குது.”

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமாவின் கண்கள் குழி விழுந்திருந்தன. “எப்போ முழிப்பு வருது?” என்றார் நர்ஸ்.

“சத்தம் நின்னா வரும். வீட்டுல அது நின்னேதான் கிடக்கு சிஸ்டர். மூச்சு விடவே இவகிட்ட பர்மிஷன் கேக்கணும்.”

நர்ஸ் சிரித்துவிட்டார். ஒரே சீரான சத்தம் இருக்கட்டும், பகல் தூக்கம் மட்டும் வேண்டாம் என்றார். சமையலறையில் ராப்பகலாக நிற்காமல் கிடுகிடுத்துக்கொண்டிருந்த பழைய ஃபிரிட்ஜை நானும் அத்தையும் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிவந்தோம். மாமா அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். ஆபரேஷன் வரை அப்படியே.

ஆபரேஷன் முடிந்து பார்க்க விட்டபோது, அத்தை கட்டிலுக்கு எட்டத்திலேயே நின்றாள்.

“நான் யாரு, சொல்லுங்க?”

“ஏன், உனக்கே மறந்துபோச்சா?”

அத்தை அழுதுவிட்டாள். மாமா மெல்லச் சுற்றிலும் பார்த்தார். மார்பில் கட்டு, மூக்கில், கழுத்தில், கையில் குழாய்கள். புரண்டு படுக்க வழியில்லை.

“எல்லாம் தெளிவாத் தெரியுதுடா,” என்றார் என்னிடம். “அதான் தாங்கல. இதெல்லாம் எப்போ கழட்டுவாங்க?”

“டாக்டர் வரணும் மாமா.”

கண்களைக் கதவின் பக்கம் திருப்பினார். அவற்றை மட்டும்தான் திருப்ப முடிந்தது.