மூடி போட்ட மீன் பெட்டி

சென்ற தவக்காலம் முழுவதும் நான் ஒரு பெட்டிக்காகத்தான் ஜெபித்தேன்.

என் அம்மா ரீத்தா பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து அபிராமபுரத்துத் தெருக்களில் விற்று வந்தவர். வெயில் ஏறினால் மீன் தளர்ந்துவிடும். மிஞ்சியது குப்பைக்குப் போகும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், பட்டம் வாங்கியவள் நான். தரமணியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஐஸ் உருகாத மீன் பெட்டி ஒன்றைச் செய்ய இறங்கினேன். ஒரு கல்வி நிறுவனம் இடமும் கருவிகளும் தந்தது. பெட்டி செய்த எட்டு மாதமும் அம்மாவிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படித்தவள் அல்லவா!

முதல் இரண்டு பெட்டிகளும் ஒழுகின. அழுதேன். மூன்றாவது ஒழுகவில்லை. அன்று என் கால் தரையில் படவில்லை. அதே போல் ஐந்து செய்து அம்மாவுக்கும் அவரோடு விற்கும் நான்கு பெண்களுக்கும் கொடுத்தேன். நான்கு பேரும் காரணம் சொல்லாமல் திருப்பித் தந்தார்கள். அம்மா மட்டும் தினமும், "சூப்பரா கீதுடி" என்றார். நிறுவனத்துக்குத் தரும் அறிக்கையில் அதையே எழுதினேன். ஆனால் மனம் உடைந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்ததும் முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, எங்கே தவறினேன்? காட்டும்."

மறுநாளே காட்டினார்.

அறிக்கைக்குப் படம் எடுக்க அபிராமபுரம் போனேன். மீன் பழைய அலுமினியக் கூடையில் இருந்தது. என் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மீன் வாங்க வந்த ஒருவர் சிரித்தார்: "ரீத்தாம்மாவுக்குப் பொண்ணு நல்ல நாற்காலி செஞ்சு குடுத்துகீது!"

நடுத்தெருவில் கத்தினேன். "ஏம்மா பொய் சொன்ன?"

"கத்தாதடி. மூடி போட்டாக்கா பழைய மீனுன்றாங்கோ. ஐஸ்கிரீம் விக்கிறியான்னு கேக்குறாங்கோ. செவுளத் தூக்கிப் பாத்தாத்தான் வாங்குவாங்கோ. நீ அழுவியேன்னு சொல்லல."

கூடை தலையில், காலிப் பெட்டி தோளில். ஒரு மாதம் இரண்டையும் சுமந்திருக்கிறார். அதற்குள் தோள் போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அறிக்கை பொய் என்று நிறுவனத்தில் நானே சொன்னேன். இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து, முதல் முறையாகக் கேட்டேன்: "எப்படிம்மா செய்யணும்?"

அம்மா ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். "மூடியத் தூக்கிப் போடு. ஐஸு அடியில, மீனு மேல. பாக்குறவங்க பாக்கட்டும்."

அவ்வளவுதான். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் அதே நான்கு பெண்களும் அந்தப் பெட்டியை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். மதியம் வரை மீன் விறைப்பாக இருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இப்போது எதைச் செய்தாலும் முதலில் அம்மாவிடம் போய்க் கேட்கிறேன்.

என்னைப் போல் படிப்பை நம்பி நிமிர்ந்து நடக்கும் பிள்ளைகளே, ஆண்டவரிடம் வெற்றியை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் தவறைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவார். தாங்கும் பலமும் தருவார். ஆனால் தாமதிக்காதீர்கள். நான் ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால், இன்று காலை அம்மாவும் மீன் எடுக்கப் போயிருப்பார்.