அடுத்தவர் பெயரோடு வந்த தாள்கள்

காலை பத்து இருபது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பிரிண்டரை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு முதுகு. சந்தன நிறச் சட்டை, தோளில் துண்டு. வெளியே வரும் தாளை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நிற்பு. அங்கே டிசைன் எடுக்க வருகிற எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் ஒரு நாளிதழுக்குக் காஞ்சிபுரம் நிருபர். செய்தியைத் தட்டச்சு செய்து ஃபேக்ஸ் அனுப்ப தினமும் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போவேன். கடையை நடத்தியவர் நெசவாளர் வீட்டுப் பெண். பட்டுச் சேலைக் கரைக்கான டிசைனை அதுவரை எல்லாரும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் செய்து காட்டினார். கட்டங்களைச் சிறு சதுரங்களாகக் குறுக்கி, ஜரிகை விழும் இடத்துக்கு மஞ்சள், பட்டு விழும் இடத்துக்குச் சிவப்பு.

இந்த ஊரில் ஒரு சேலையின் டிசைனை முழுதாக ஒரே ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். கரை ஒருவரிடம், உடல் வேறொருவரிடம், முந்தானை இன்னொருவரிடம். கிறுக்கிய தாளைக்கூட விட்டுப் போவதில்லை. இந்தக் கடையிலிருந்து ஒருவருடைய டிசைன் வெளியே போனது என்று ஒரு பேச்சு கிளம்பினால், மறுநாள் ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை. இதைக் கடைக்காரப் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முதுகு திரும்பியது.

"இன்னாமா, ரெண்டு ஷீட்டுன்னு சொன்னே? வந்துக்கினே இருக்குது?"

"எக்ஸ்ட்ரா பேஜுண்ணா. சில நேரம் அப்படி வரும்."

"சில நேரம் வருமா? சரி, இது யார் பேரு?"

எல்லாத் தாள்களின் தலையிலும் ஒரு பெயர் அச்சாகியிருந்தது. அதே தெருவில் தறி வைத்திருக்கும் இன்னொருவரின் பெயர். இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

"கரை என்னுது, பேரு அவனுது. நல்லா இருக்குதும்மா உன் கடை. அவனுக்கு எத்தினி காப்பி குடுத்தே?"

"ஐயோ, ஒண்ணுகூட குடுக்கலைண்ணா. கட்டம் மட்டும்தான் அவரு ஃபைல்லேர்ந்து எடுத்தேன்."

"இன்னிக்கி அவன் கட்டம் எனக்கு வருது. நாளைக்கி என் கரை அவனுக்குப் போவும். பேப்பர்காரரே, கேட்டுக்கினீங்களா?"

நான் என் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

நடந்தது இதுதான். தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழைகள் முடிந்தால், பழைய இழைகளின் நுனியில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்துவிடுவார்கள். முதலிலிருந்து கோக்கும் வேலை மிச்சம். அந்தப் பெண் ஃபைலிலும் அதையே செய்திருந்தார். சதுரங்களைப் புதிதாக அமைக்காமல் முந்தையவரின் ஃபைலைத் திறந்து, கண்ணில் பட்ட டிசைனை அழித்து, அதன் மேலேயே சந்தனச் சட்டைக்காரரின் கரையைப் போட்டிருக்கிறார். தலைப்பில் இருந்த பெயர் வேலை செய்யும்போது திரையில் தெரியாது, அச்சில்தான் வரும். பழைய டிசைனின் கடைசி வரிசைகள் வெகு கீழே அழியாமல் கிடந்தன. அதுவரைக்கும் வேலை இருப்பதாக எடுத்துக்கொண்டு, இடையிலிருந்த வெற்றுப் பக்கங்களையும் மெஷின் தள்ளியிருந்தது.

கடைசித் தாள் மட்டும் வெறுமையாக இல்லை. ஒரு யாளியின் பின்கால், வால், அதற்குக் கீழே ஒரு வரிசை ருத்ராட்சம். என் கண்ணில் அது பட்டது. கடைக்காரப் பெண்ணும் பார்த்துவிட்டார். சந்தனச் சட்டைக்காரர் பார்த்தாரா என்று அந்த முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

"இங்க பாருங்கண்ணா, உங்க எதிர்லயே எடுத்துடறேன்" என்று கடைக்காரப் பெண் உட்கார்ந்தார். பக்க அமைப்பைத் திறந்து தலைப்பிலிருந்த பெயரை நீக்கினார். கீழே கிடந்த வரிசைகளை மொத்தமாக அழித்தார். கரை இருந்த பகுதியை மட்டும் சுற்றி வளைத்து, அதை மட்டும் அச்சிடச் சொன்னார். இந்த முறை இரண்டே தாள்கள், தலையில் எந்தப் பெயரும் இல்லாமல். சந்தனச் சட்டைக்காரர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

"அந்தப் பழசைக் குடுங்கண்ணா, கிழிச்சிப் போட்டுடறேன்."

"என் வேலையில வந்த பேப்பரு. நானே எடுத்துக்கறேன்."

"அது வேஸ்ட்டுண்ணா."

"வேஸ்ட்டுன்னா, நான் எடுத்துக்கினு போனா உனக்கு இன்னாமா?"

அது அடுத்தவர் டிசைன் என்று சொன்னால், வந்தவர் டிசைனெல்லாம் இந்தக் கடையில் சிதறிக் கிடக்கிறது என்று கடைக்காரப் பெண்ணே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாமல் விட்டால் அது வாசல் தாண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு கீபோர்டைத் துடைத்தார்.

"ஒரு துண்டு பேப்பரைக்கூட உங்கிட்ட நம்பி உட முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதே" என்றபடி சந்தனச் சட்டைக்காரர் தாள்களை மேசைமேல் பிரித்தார். தன் கரை இருந்த பழைய தாள்கள் இரண்டையும் நாடா நாடாவாகக் கிழித்துப் பைக்குள் திணித்தார். யாளி இருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

தலையில் பெயர் மட்டும் அச்சாகி வெறுமையாக வந்த தாள்களை மேசைமேலேயே விட்டுப் போயிருந்தார்.