மலையில் தலைக்குக் குளித்த நாள்

என் மாப்பிள்ளைக்கு கோல்ஃப் பைத்தியம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் போதும், தடிகள் அடைத்த நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். என் மகளும் பேத்தியும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். இதை மகள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள், அவள் அம்மா என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் எந்தச் செய்தியும் நேர்வழியில் வந்ததில்லை.

திண்டுக்கல்லில் எனக்கு மோட்டார், பைப் கடை. போர்வெல்லின் ஆழம் சொன்னால் என்ன மோட்டார் போடலாம் என்று சொல்லிவிடுவேன். புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசாமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. யோசனை சொன்னது மகள்தான். அவரை கோல்ஃபிலிருந்து பிரிக்க முடியாது, அதனால் கோல்ஃப் இருக்கும் இடத்துக்கு எல்லோருமாகப் போய்விடலாம் என்றாள். மலை நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, கொடைக்கானல்.

அந்தப் பயணத்துக்குப் போட்ட திட்டத்தில் பாதியைக் கல்யாணத்துக்குப் போட்டிருந்தால் மண்டபத்தில் சாம்பார் தீர்ந்திருக்காது. மே மாதம் வேண்டாம், கூட்டம். ஐப்பசி வேண்டாம், மழை. அறை மைதானத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஏரிக்கரையில் எடுத்தால் அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் அறையில் கிடக்க வேண்டும். காலையில் பாதி ஆட்டம் மட்டும், அதற்குப் பிறகு அவர் எங்கள் சொத்து. பேத்திக்கு ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி. என் மனைவிக்குக் குறிஞ்சியாண்டவர். நான் தூங்குகிறேன் என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் நாலு பந்து அடிக்க வேண்டுமாம். அங்கே வேட்டியோடு விடமாட்டார்களாம். காலர் வைத்த மாம்பழ மஞ்சள் பனியன், பேன்ட், ஷூ என்று வாங்கிவந்து கட்டில்மேல் வைத்தாள். பார்த்தால் யாரோ என் கட்டிலில் படுத்திருப்பதுபோல இருந்தது.

முதல் தடவை கிளம்ப இருந்தபோது எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பயணம் நின்றது. இரண்டாவது தடவை என் மனைவியின் சித்தப்பா தவறிவிட்டார். கேதத்துக்குப் போனோம், பயணம் நின்றது. அப்போது மாப்பிள்ளை மகளிடம், "உங்க வீட்ல எப்பவும் யாராவது செத்துக்கிட்டேதான் இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு இருவரும் பேசுவது இன்னும் குறைந்துபோனது. மூன்றாவது தடவை நாள் குறித்தபோது என் மனைவி சொன்னாள், இதுவும் நின்றால் அவர்கள் சேர்ந்து எங்கேயும் போக மாட்டார்கள் என்று.

கிளம்புகிற அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில், பைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சித்தையன்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார்.

"பெரியவரு தவறிட்டாருண்ணே. சாயங்காலம் எடுக்குறாக."

பெரியவர் என்றால் அந்த ஊரிலேயே இருக்கும் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே கிணற்றில் நீச்சல் படித்தோம். என் மகள் கல்யாணத்துக்கு நான் நேரில் போய்த் தாம்பாளத்தில் பத்திரிகை வைக்கவில்லை, கடைப் பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று அவருக்குக் கோபம். கல்யாணத்துக்கு வரவில்லை. வரவில்லையே என்று எனக்குக் கோபம். செத்தாலும் அவர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் வாய் எல்லோருக்கும் நீளம்.

"சரிப்பா" என்று போனைப் பையில் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, தொட்டால் யாருடைய காலையோ தொடுவது மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

பங்காளி செத்த செய்தி கேட்டால் கேட்ட நிமிஷத்திலிருந்து தீட்டு. தலைக்குக் குளிக்க வேண்டும், கேதத்துக்குப் போக வேண்டும், இன்பப் பயணம் எல்லாம் அப்புறம். ஆனால் காதில் விழாதவரை தீட்டு இல்லை என்று சொன்னவர்களும் அதே பெரியவர்கள்தான். என் ஒருவன் காதில்தான் விழுந்திருக்கிறது, மற்ற நாலு பேரும் சுத்தம். அந்த நியாயத்தோடு காரில் ஏறினேன்.

வழி செம்பட்டி மேல்தான். செம்பட்டியில் சித்தையன்கோட்டைக்கு ரோடு பிரியும். அந்த இடம் வந்தபோது நான் எதிர்ப்பக்கத் தென்னந்தோப்பைப் பார்த்தேன். அங்கே டீக்கு நிறுத்துகிறேன் என்று மாப்பிள்ளை கிளம்பும்போதே சொல்லியிருந்தார், நிறுத்தவில்லை. மகள் பேத்தியின் போனில் பொம்மைப் படத்தின் சத்தத்தைக் கூட்டினாள். என் மனைவிக்கு மலைப்பாதையில் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அன்று செம்பட்டியிலேயே மூடிக்கொண்டாள். மலை ஏற இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. வயசாகிவிட்டது அவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் திட்டப்படி எல்லாம் நடந்தது. மைதானத்தின் ஓரத்தில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன, யாரும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, பழகுபவர்கள் அடிக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய்த் தடியைக் கையில் கொடுத்தார். இரண்டு பந்து மண்ணைக் கிளப்பின. மூன்றாவது பந்து எழும்பி வெகுதூரம் போனது. பேத்தி கைதட்டினாள். எங்கே பழகினீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். கிட்டிப்புள் அடிக்கும்போது மணிக்கட்டை எங்கே திருப்ப வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அண்ணன்தான். அது நினைவு வந்தபோதும் மனசு கட்டை மாதிரிதான் கிடந்தது. இவ்வளவுதானா நான் என்றிருந்தது.

அறைக்கு வந்ததும், அலுப்பாக இருக்கிறது, பின்னால் வருகிறேன் என்று அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். இதையாவது செய்வோம் என்றுதான். பல் கிட்டித்துக்கொண்டது. நன்றாகத் துவட்டிவிட்டு, அந்த மஞ்சள் பனியனையே மாட்டிக்கொண்டு சாப்பிடும் இடத்துக்குப் போனேன். வேட்டி எடுத்து வரவில்லை.

என் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையில் துண்டு முடிந்திருந்தது. மகளுடைய அறையில் போய்க் குளித்திருக்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்து, பயணத் தூசி என்றாள். செத்த நேரத்தில் மகள் வந்தாள். அவளுக்குச் சளித்தொல்லை, வெயில் காலத்திலேயே வெந்நீர் இல்லாமல் தலைக்கு ஊற்ற மாட்டாள். அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோறு வந்தது, வெஞ்சனம் வந்தது, தொடாமல் உட்கார்ந்திருந்தோம்.

காய்ந்த தலையோடு இருந்தவர் மாப்பிள்ளை மட்டும்தான். அவர் வேறு பங்காளி வகையறா, அவருக்குத் தீட்டு இல்லை. கட்டிக்கொடுத்த மகளுக்கும் கணக்குப்படி இல்லைதான், தன் பெரியப்பா என்று அவளாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பேத்திக்குப் பிசைந்துகொண்டிருந்த சாதத்தை அவள் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மாமா, சாயங்காலம்தானே எடுக்கறாங்க. இப்பக் கிளம்பினா போயிடலாம்."

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பையன் காலையிலேயே போட்டிருக்கிறான். அதை மகள் பார்த்து அம்மாவிடம் சொல்லி, பெட்ரோல் பங்கில் மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்து, தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொன்னவனிடம் எப்படிச் சொல்வது என்ற பயமும் இருந்திருக்கிறது. ஆளுக்கொரு காதைப் பொத்திக்கொண்டு ஒரே காரில் மலை ஏறியிருக்கிறோம்.

நாளைக்கு நீங்கள் ஆட வேண்டுமே என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். கோல்ஃப் எங்கேயும் ஓடிப்போகாது என்று சாவியை எடுத்தார். மகள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறாள் என்று எனக்கே தெரிந்தது.

மலையில் சனிக்கிழமை நெரிசல். கீழே அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஆண்கள் யாரும் இல்லை. ஈரத்தில் ஷூவும் மஞ்சள் பனியனுமாக நான் நின்றேன். பந்தலில் இருந்த பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எப்பத் தகவல் வந்தது என்று ஒரு அத்தை கேட்டார். என் மனைவி "இப்பத்தான்" என்று ஆரம்பித்தாள்.

"காலையிலயே கேட்டேன். கேட்டுட்டுத்தான் மலைக்குப் போனேன்" என்றேன்.

உள்ளேயிருந்து மதினி, அண்ணன் மனைவி, என்னைப் பார்த்தார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"ராத்திரியே முடிஞ்சு போச்சு தம்பி. நீங்க மலை ஏறுற வரைக்கும் காதுல போட வேணாம்னு நான்தான் சொல்லி வச்சேன். யாரோ முந்திக்கிட்டாக. பாப்பா குடும்பத்தோட போகுதுன்னு உங்க அண்ணனுக்கு அம்புட்டு சந்தோசம். இந்தத் தடவையாச்சும் நிக்காமப் போகணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக."

மதினியும் என் மனைவியும் இத்தனை நாளும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். என் வீட்டுத் திட்டம் முழுக்க அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஷூவைக் கழற்றிப் பந்தல் ஓரத்தில் போட்டுவிட்டுச் சுடுகாட்டுப் பாதையில் நடந்தேன். மாப்பிள்ளை கூடவே வந்தார். கருவேலங்காட்டு ஓரம் போகும்போது உள்ளங்காலில் முள் சுருக்கென்று ஏறியது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து முள்ளைப் பிடுங்கினார்.

"ரொம்ப வலிக்குதா மாமா?"

"இப்பத்தான் வலிக்குது" என்றேன்.