நான்காவது சீசனும் ஒரு தவக்காலமும்

மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மாமியார் மருமகள் சண்டை ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் கட்டடம் இடிந்து விழும். ஐம்பதை நெருங்கும் கணக்கு டீச்சரும் அவள் கணவரும் உட்கார்ந்து சூப்பர் ஹீரோ தொடர் பார்ப்பது கிழக்குத் தாம்பரத்தில் இன்னும் சகஜமாகவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளே, "உங்க ரெண்டு பேருக்கும் வயசு கீழ போகுதாம்மா?" என்று கேட்பாள்.

தொடரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குப் பெயரால் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஏதோ ஒரு குளிர் நாட்டுத் துறைமுக நகரம். அங்கே ஒரு சலவைக்கடையில் துணி மடிக்கும் பெண்தான் கதாநாயகி. என் வயது இருக்கும். பறக்க மாட்டாள், சுவரில் ஏற மாட்டாள், பளபளக்கும் உடையும் கிடையாது. ஒரு பழைய மழைக்கோட்டு, அவ்வளவுதான். ஆனால் கீழே விழுகிற எதையும் அவளால் அந்தரத்தில் நிறுத்த முடியும். லிஃப்ட், பாலம், மாடியிலிருந்து தவறிய குழந்தை, எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் நிற்கும். மூச்சு விட்டால் விழுந்துவிடும்.

குறைகளைச் சொல்லவேண்டுமென்றால் நிறையச் சொல்லலாம். வில்லன் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. தமிழ் டப்பிங்கில் அவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு சிரிப்போடு முடிப்பது காதுக்குத் தண்டனை. இரண்டாவது சீசனில் பாதி, சலவை இயந்திரம் சுற்றுவதைக் காட்டியே ஓட்டிவிட்டார்கள். இருந்தாலும் நாங்கள் விடாமல் பார்த்ததற்குக் காரணம் அந்த இயக்குநரின் கல்மனசுதான். ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது ஒருவர் விழுவார். பத்துப் பேரைப் பிடித்தாளென்றால், மூச்சு தீர்ந்துபோய் பதினோராவது ஆளை விட்டுவிடுவாள். வீட்டுக்குப் போய் அந்த ஆளை நினைத்து அழுதுகொண்டே துணி மடிப்பாள். எல்லோரையும் காப்பாற்றும் ஹீரோக்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, இவள்தான் நிஜம் என்று பட்டது.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. அவள் மூச்சைப் பிடித்தால் நாங்களும் பிடிக்க வேண்டும். என் கணவர் கடைசிவரை தாக்குப்பிடிப்பார். நான் பாதியிலேயே மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடி விடுவேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வுட்டுட்டே. நான் பாத்துக்கினுதான் கீறேன்" என்பார். தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அலுவலகத்தில் எத்தனை அழகாகப் பேசினாலும் வீட்டில் பேச்சு இப்படித்தான் வரும்.

அவருக்கு வலது கண் சிறுவயதிலிருந்தே மந்தம். இடது கண்தான் கண். அந்தக் கண்ணை வைத்துத்தான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்துவந்தார். வரிசையாக வரும் இரும்புப் பாகங்களில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பார். இந்த வருடம் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், ஒரு காலைப்பொழுது காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓரமா கறுப்பா ஒரு ஸ்கிரீன் எறங்குது" என்றார். நான் ஜன்னல் திரையைச் சொல்கிறார் என்று நினைத்து அதை இழுத்துக் கட்டினேன். "இன்னும் எறங்குது" என்றார்.

இடது கண்ணின் விழித்திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டர். உடனே அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயுவை அடைத்திருக்கிறோம், அதுதான் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும், அதனால் சில வாரங்களுக்குத் தலை குனிந்தே இருக்கவேண்டும் என்றார். படுத்தாலும் குப்புற, உட்கார்ந்தாலும் கவிழ்ந்தபடி. டி.வி., செல்போன் எதுவும் கூடாது. பார்வை திரும்புமா என்று கேட்டேன். "ஒட்டிக்கிச்சுன்னா வரும். பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். ஒட்டாவிட்டால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேசை விளிம்பில் தலையணையைக் கட்டி, நடுவில் துண்டைச் சுருட்டி வைத்து, நெற்றியைத் தாங்க ஓர் ஏற்பாடு செய்தேன். அதில் தலையைச் சாய்த்து, தெரியாத தரையைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்த்த அதே பிடரிதான் திரும்பி வரும்போதும் என்னை வரவேற்கும்.

அடுத்த சில நாட்களில் திருநீற்றுப் புதன் வந்தது. எங்கள் பங்குக் கோவிலில், அன்று தொடங்கி ஈஸ்டர் வரையிலான தவக்காலத்துக்கு ஆளுக்கொரு ஒறுத்தல் உண்டு. கறி மீனை விடுவார்கள், சினிமாவை விடுவார்கள். போன வருடம் நான் காபியை விட்டேன், அதற்கான தண்டனையை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் அனுபவித்தார்கள். இந்த வருடம் நெற்றியில் சாம்பல் வாங்கும்போது எனக்கு மிகவும் பிடித்ததைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான்காவது சீசன் அந்த வெள்ளிக்கிழமைதான் தொடங்கவிருந்தது. வாரத்துக்கு ஒரு எபிசோட். 'ஆண்டவரே, ஈஸ்டர் வரைக்கும் அதைக் கண்ணால் பார்க்க மாட்டேன். அந்தக் கண்ணை ஒட்ட வையும்' என்று வேண்டிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். தெரிந்தால் பலிக்காது என்று என்னுள் ஒரு பயமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துருச்சா? பாத்தியா?"

"இல்லைங்க. நேரமில்லை."

"இன்னிக்குப் பாத்துட்டுச் சொல்லேன். கேட்டுக்கினாவது இருப்பேன்."

"வேணாங்க. நீங்க சரியானதும் சேர்ந்து பாத்துக்கலாம்."

அவர் நெற்றிக்கு அடியில் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு அந்தப் பிடரி சொன்னது: "சரியானா பாக்கலாம். ஆவலைன்னா? கண்ணு போனவங்கூட உக்காந்து எதுக்குப் பாக்கணும்னு நீயும் வுட்டுட்ட போல."

அவர் முகம் தெரிந்திருந்தால் திட்டியிருப்பேன். பிடரியை எப்படித் திட்டுவது? தொடரைப் பார்த்தால் வேண்டுதல் போகும். பார்க்காவிட்டால் இந்த மனுஷர் போய்விடுவார். நின்ற இடத்தில் நின்றபடி நான் சொன்னேன்: "சும்மா சொன்னேங்க. மத்தியானமே ஸ்டாஃப் ரூம்ல போன்ல பாத்துட்டேன். காபி போட்டுட்டு வந்து சொல்றேன்."

பால் பொங்கும் நேரத்துக்குள் ஒரு எபிசோடை உண்டாக்கவேண்டியிருந்தது. போன சீசன் முடிவில் அவள் இடிந்த துறைமுக மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து அவளை ஒரு ரயில் நிலையத்துக்கு அனுப்பினேன். நடைமேம்பாலம் ஒன்றை இடிய வைத்தேன். எனக்குத் தெரிந்த நடைமேம்பாலம் தாம்பரத்தில் இருப்பதுதான். ஆகவே அந்தக் குளிர் நாட்டில், தீபாவளிக்கு முந்தின மாலை போல் ஒரு கூட்டம் பெட்டியும் பையுமாக அதில் முண்டியடித்தது. பாலம் நடுவில் முறிகிறது. அவள் மூச்சைப் பிடிக்கிறாள். ஒவ்வொருவராகப் படி இறங்கி வெளியே ஓடி, ஷேர் ஆட்டோ பிடித்து...

"ஷேர் ஆட்டோவா?" என்றது பிடரி.

"அதுமாதிரி ஒரு வண்டிங்க. பேரு வாயில நுழையலை."

"ம். அப்பால?"

அப்பால் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அவர் முதுகு ஏறி இறங்காமல் நின்றதைக் கவனித்தேன். தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி அவரும் மூச்சைப் பிடித்திருந்தார். அவள் மூச்சு விட்டாள் என்று நான் சொன்னதும்தான் அந்த முதுகு இறங்கியது. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதன்பிறகு வெள்ளிதோறும் இதே வேலைதான். சிலுவைப்பாதையில் ஆண்டவர் முதல்முறை விழுகிறார், இரண்டாம் முறை விழுகிறார், மூன்றாம் முறை விழுகிறார். ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டபடி நான் பொய்க்கு அடுத்த பாகம் யோசித்துக்கொண்டிருப்பேன். கோவிலில் உட்கார்ந்து கதை கட்டுகிற பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று பங்குச் சாமியாரிடம் கேட்கத் துணிவில்லை. கிளாம்பாக்கம் போகும் பேருந்தை, மழை வெள்ளத்தில் மூழ்கிய சுரங்கப்பாதையை, பள்ளிக்கூட மாடித் தண்ணீர்த் தொட்டியை எல்லாம் பெயர் மாற்றி அந்த நகரத்துக்கு ஏற்றுமதி செய்தேன். சலவைக்கடை ஓனரம்மாவைக் கூரையிலிருந்து பத்திரமாக இறக்கினேன். வில்லனுக்குப் பேச்சைக் குறைத்தேன். அதை மட்டும் இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து நேரில் வந்தது. அவருடன் வேலை செய்யும் நண்பர், கீழ்க்கட்டளையில் குடியிருப்பவர், பார்க்க வந்தார். அவரும் இந்தத் தொடருக்கு அடிமை. நாற்காலியில் உட்காரும் முன்பே, "மச்சான், அந்த சலவைக்கடை ஓனரு மேட்டர் பாத்தியா..." என்று தொடங்கினார். நான் வாழைக்காய் பஜ்ஜித் தட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"அவ எல்லாத்தையும் சொல்லிட்டா மச்சான்" என்றார் என் கணவர், தலையைத் தூக்காமல். "ஓனரம்மாவ ரூஃப்லேந்து புடிச்சு எறக்குனாளே, அதானே? சூப்பர் சீனு."

நண்பர் பஜ்ஜியும் கையுமாக என்னைப் பார்த்தார். நான் அவருக்கு மட்டும் தெரியும்படி இரண்டு கைகளையும் கூப்பினேன். அவர் பிடரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆமா மச்சான்," என்றார் மெல்ல. "புடிச்சுட்டா. செம சீனு." கிளம்பும்போது வாசலில் என்னிடம், "இன்னா சிஸ்டர் இது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். அதன்பின் தொலைபேசியில்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாயு மெல்லக் கரைந்தது. கண்ணுக்குள் தண்ணீர்மட்டம் போல ஒரு கோடு ஆடுகிறது, அதற்கு மேலே வெளிச்சம் தெரிகிறது என்றார். பிறகு அந்தக் கோடு தாழ்ந்துகொண்டே வந்தது. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கீழே இருந்த சிறு எழுத்து வரிகள் அவருக்குப் பிடிபடவில்லை. மேலே இருந்தவற்றைத் திக்கித் திக்கிப் படித்தார். நேர்க்கோடு கொஞ்சம் வளைந்து தெரிவதாகச் சொன்னார். "கண்ணு தப்பிச்சிருச்சு சார்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். மயிரிழைக் கீறல் இனி அந்தக் கண்ணுக்குத் தெரியாது. வேலையில் வேறு மேசைக்கு மாற்றினார்கள்.

ஈஸ்டரன்று மத்தியானம் பிரியாணி முடிந்ததும் அவரே ரிமோட்டை எடுத்தார்.

"போடு. மொதல்லேந்து பாக்கலாம்."

"நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே. வேற ஏதாவது பாப்போமா?"

"கேட்டது வேற, பாக்குறது வேற."

தப்பிக்க வழியில்லை. நான்காவது சீசனை முதல்முறையாகப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், அது அற்புதமாக இருந்தது. நடைமேம்பாலமும் இல்லை, கூட்டமும் இல்லை. முதல் அரை மணி நேரம் அவள் தன் கடைக்கார அம்மாவோடு துணி மடித்துக்கொண்டே பேசுகிறாள். சலவை இயந்திரம் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த முறை அது எனக்குச் சலிக்கவில்லை. பிறகு கூரை சரிகிறது. அவள் மூச்சைப் பிடிக்கிறாள். கடையிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்புகிறாள். மூச்சு தீர்கிறது. கடைசியாக ஓடிவந்த கடைக்கார அம்மா, சரிந்த கூரைக்கடியில், அவள் கண் முன்னால் விழுகிறாள்.

என் சீசனில் நான் கூரையிலிருந்து பிடித்து இறக்கிய அதே அம்மா. நான் பக்கவாட்டில் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. கழுத்தை நிமிர்த்தி, தனக்கு மிஞ்சியிருக்கும் பார்வையை வைத்துத் திரையை ரசித்துக்கொண்டிருந்தார். படத்தை நிறுத்தினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்க ஃப்ரெண்டு சொன்னாரா?"

"அவன் வரதுக்கு முன்னாடியே. மொத வெள்ளிக்கெழமையே தெரியும்."

"ஷேர் ஆட்டோவாலயா?"

சிரித்தார். "அதுவுந்தான். ஆனா அது இல்லை. நீ சொன்னதுல ஒருத்தர்கூட வுழலை. ரெண்டாவது வாரமும் வுழலை. மூணாவது வாரமும் வுழலை. அந்த டைரக்டரு அப்டி எடுப்பானா? எனக்குத் தெரியாதா?"

வேண்டுதலைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். என் சீசன் எத்தனை மோசமானது என்பதும் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. ஆபத்து வந்த வேகத்தில் போய்விடும் கதை. யாரையும் விடத் துணிவில்லாத கதை. எந்த ரசிகரும் ஒரு வாரத்துக்கு மேல் பார்க்க மாட்டார். இதை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாரே என்று வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை? நான் பைத்தியக்காரி மாதிரி..."

அவர் என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ மூச்சப் புடிச்சுகினு இருந்தே" என்றார். "நடுவுல நான் பாட்டுக்கு எதனா கேட்டு, நீ வுட்டுட்டீன்னா? வுழப்போறது நானாச்சே."