கடைசி ரீல் இல்லாத படம்

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வாட்சாப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் இரங்கல் செய்தியும் போக, அங்கே ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்றுதான்: அந்த நடிகர் எந்தப் படத்தில் மிகச் சிறப்பாக நடித்தார்? அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இவர்கள் விடுவதாக இல்லை.

குடிகார வண்டிக்காரனாக வந்த படம் என்பார்கள் சிலர். எனக்கு அது பிடிக்காது, பாதிப் படம் தள்ளாடியே தீர்ந்துவிடும். கோர்ட்டில் தனக்காகத் தானே வாதாடும் காட்சியும் வெறும் தொண்டைதான். என் ஓட்டு, அவர் தபால்காரராக வந்த ஒரு சின்னப் படத்துக்கு. தன் மகன் இறந்த தந்தியைத் தானே வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அழமாட்டார். மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த கடிதத்தை எடுப்பார். இதைக் குழுவில் எழுதினேன், ஒருவரும் மதிக்கவில்லை.

அப்பா இந்தச் சண்டையில் சேரவே மாட்டார். அவருக்கு ஒரே காட்சி. சொல்பேச்சுக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் வாசலில் வந்து நிற்பாள். நடிகர் ஒரு வார்த்தை பேசாமல் இடது கையால் கதவை மெல்லச் சாத்துவார். கதவின் இடைவெளி குறையக் குறைய அவர் முகமும் மறையும்.

"அந்தப் படத்துல அவன் கடைசிவரைக்கும் தொறக்கல. அதான் நடிப்பு" என்பார் அப்பா.

அப்பா இந்த முடிவுக்கு வந்ததற்கு எங்கள் தோட்டத்து வழக்கம் ஒரு காரணம். மாதம் ஒருமுறை திடலில் கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். கடைசி ரீலுக்கு முன்பே, தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி நிறுத்தச் சொல்லிவிடுவார். நேரம் போனால் மறுநாள் விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் குறையும் என்பது அவர் கவலை. சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டுவார்கள். மறுநாள் பாலுக்கு மரம் சீவிக்கொண்டே ஆளுக்கொரு முடிவு கட்டுவார்கள். யார் சொன்னது நன்றாக இருக்கிறதோ அதுதான் தோட்டத்துக்கு முடிவு. அந்தப் படத்துக்கு எடுபட்டது, அப்போது இளவட்டமாக இருந்த அப்பா கட்டிய முடிவு. பிற்பாடு டிவியில் அந்தப் படம் வந்தபோதெல்லாம், கதவு சாத்தியதும் எழுந்து குளிக்கப் போய்விடுவார். மீதிதான் அவருக்குத் தெரியுமே.

நாங்கள் பாயா ரும்புட்டுக்கு வீடு மாறிய பிறகு, அக்கா பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் உடன் வேலை செய்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் தமிழர்தான், சாதி வேறு. அம்மா அப்போது உயிரோடு இல்லை. அந்தத் தீபாவளிக்கு அக்கா முறுக்கு டப்பாவோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அப்பா எழுந்து போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. இடது கையால் கதவை மெல்லச் சாத்தினார். அப்பா வலது கைக்காரர். அவர் யாரைப் போலச் செய்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கோபம் நிஜம்தான், அதைக் காட்டிய விதம்தான் கடன் வாங்கியது. நன்றாகவே செய்தார், பாவி மனுஷன்.

அக்கா வீடு சுங்கை ஊடாங்கில். காரில் இருபது நிமிடம். இருபது வருடத்துக்கு மேல் அந்த இருபது நிமிடத்தை அப்பா கடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்தப் படத்தை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். கடைசியில் நடிகர் கதவைத் திறக்கிறார். செருப்புகூடப் போடாமல் மகள் வீடு வரை நடந்துபோய் வாசலில் நிற்கிறார். மன்னிப்பு, சமாதானம், ஒன்றும் வாயில் வரவில்லை. "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்கிறார். மகள் கொண்டுவந்து கொடுக்கிறாள். குடிக்கும்போது தண்ணீர் நெஞ்செல்லாம் வழிகிறது. அவ்வளவுதான் படம். தபால்காரர் படமெல்லாம் இதற்குக் கால்தூசி.

அப்பா வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் வீட்டில் இருந்தவரை அப்பா அவளிடம்தான் எதையும் கேட்பார். அவள் போன பிறகுதான் நான் பிள்ளையாக அவர் கண்ணில் பட்டேன். அதை இழக்க எனக்கு மனமில்லை. பொறாமைதான், வேறு என்ன?

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அடிக்கடி எனக்குப் போன் செய்தாள். "அப்பாகிட்ட கேட்டியாடா? ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன்" என்பாள். "கேட்டேங்க்கா. அவரு மனசு மாறல" என்பேன். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. போன வருடம் அக்கா இறந்துபோனாள். இழவுக்கு நான் மட்டும் போனேன். அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சில மாதத்துக்கு முன் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஊன்றுகோலும் ஆள் துணையும் இல்லாமல் இப்போது எழ முடியாது. போன சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தபோது, குழுவில் யாரோ அனுப்பிய அந்தப் படத்தை என் மனைவி டிவியில் போட்டுவிட்டு, சமையலறையில் இருந்தாள். கதவு சாத்தும் காட்சி முடிந்தது. அப்பாவால் எழுந்து போக முடியவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்தலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். அது அப்பா மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நடிகர் தண்ணீர் கேட்டார், குடித்தார். படம் முடிந்தது.

 "தொறந்துட்டானேடா" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"நீ இத முன்னாடி பாத்திருக்கியா?"

"இல்லப்பா."

தலையாட்டினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

"உங்கக்கா ஒரு தடவயாச்சும் வரேன்னு கேட்டுருக்கலாம் லா. போனாச்சும் போட்டிருக்கலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

"சட்டைய எடு. அவ வூட்டுக்குப் போவோம். மருமவன் இருப்பாருல்ல? அவருகிட்டயாச்சும் ரெண்டு வார்த்த பேசிட்டு வரேன்."

கால் வலிக்கும், நாளை போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அக்கா எனக்குப் போன் செய்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன், மாமா. அப்பா கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அப்பாவுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.