பூஜ்யத்துக்கு இறங்காத முள்

குடிநீர் வாரியத்தின் மூன்றாம் எண் பம்ப் ஹவுஸில் அவர் இருபத்தேழு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் அவரை முள்ளண்ணன் என்று கூப்பிட்டார்கள். குத்திப் பேசுகிறவர் என்பதால் அல்ல. பெரிய பைப்பின் தலைமாட்டில் சுவரோடு பொருத்தியிருந்த பிரஷர் கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுதுவது அவர் வேலை. பார்ப்பதற்கு முன்னால் விரலை மடக்கிக் கேஜின் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டுவார். எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிற முள் அந்தத் தட்டில் தன் இடத்துக்கு வந்துவிடும். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறதா என்றும் பார்ப்பார். படுக்காவிட்டால் அந்தக் கேஜ் அன்றே கழன்று ரிப்பேருக்குப் போகும். லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், ‘கண்ணால் பார்க்காத அளவை எழுதாதே’ என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார்.

அப்படிப்பட்டவர் சொந்த உடம்பு விஷயத்தில் அந்தச் சட்டத்தைப் பதினான்கு தரம் மீறினார்.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு வாரியம் தன் ஆட்களை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம். அங்கே சிஸ்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, நூற்றைம்பது என்றார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். இரண்டாவது தரம் நூற்று முப்பத்தாறு. டாக்டருக்கு அதுவும் போதவில்லை. இன்னொரு மாத்திரை சேர்ந்தது. மூன்றாவது தரம் நூற்றிருபது. டாக்டர் சிரித்தார், முள்ளண்ணனும் சிரித்தார். அந்த வாரமே தலை சுற்ற ஆரம்பித்தது.

பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் மேல்நிலைத் தொட்டி இருந்தது. இரும்பு ஏணியில் எண்பத்துநான்கு படி ஏறி நீர்மட்டம் பார்க்க வேண்டும். மூன்றாம் படியில் கண் இருட்டி, பிடி நழுவி, இன்ஜினியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஜினியர் கெட்டவர் அல்ல. எண்பதாம் படியில் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். உடம்பு வேலைக்குத் தகுதி என்று தொண்ணூறு நாளுக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து சான்றிதழ் வர வேண்டும். வராவிட்டால் விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதுவரை தலைமை ஆபீசில் புகார் ஜன்னல். ‘எங்க தெருவுல தண்ணி வரலை’ என்று வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். அவர் இடத்துக்குப் போன மாற்று ஆள், காலையிலேயே எட்டு மணி நேரத்துக்கான அளவையும் ஒரே எண்ணாக எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறான் என்று காதுக்கு வந்தபோது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்குச் செக்குமாடு போல் சுற்றினார். தலைசுற்றல் என்று போனால், பிரஷர் நூற்றிருபது, அது சரியாக இருக்கிறது, ஆகவே காதில் கோளாறு இருக்கலாம் என்றார் டாக்டர். காது டாக்டர் கண்ணைக் காட்டச் சொன்னார். கண் டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, முதல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினார். யாரிடம் போனாலும் முதலில் பிரஷர் அறை. அறைக்குப் போவதற்கு முன் பில் கவுன்டர். ஒரே பில்லில் பதிவுக்கு ஒரு தொகை, பிரஷர் பார்க்க ஒரு தொகை, டாக்டருக்கு ஒரு தொகை, ரிப்போர்ட்டை அட்டையில் போட்டுக் கொடுத்ததற்கு ஒரு தொகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்ப்பதேயில்லை. கை மட்டும் நீளும். பில்லைக் கேட்டு வாங்கி, ஓட்டை போட்டு, தேதி வரிசையில் நூலில் கோத்து வைத்தார் முள்ளண்ணன். ஒரு நோட்டில் தேதி, மணி, சிஸ்டர் சொன்ன அளவு, தலை சுற்றிய நேரம் எல்லாம் ஏறின.

வீட்டில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சாப்பிட வரும்போதெல்லாம் கிண்டல். “மச்சான், இன்னும் ரெண்டு தரம் போனா ஆஸ்பத்திரிக்காரன் உங்களைப் பங்குதாரரா சேர்த்துக்குவான்” என்பான். மனைவி சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டதுதான் அவரை உறுத்தியது.

“பைப்புல பிரஷர் எவ்வளவுன்னு கேட்டா தூக்கத்துலகூட சொல்லுவீங்க. உங்க உடம்புல எவ்வளவுன்னு கேட்டா சிஸ்டர் சொன்னாங்கங்கறீங்க. நீங்க பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. பிரஷர் கேஜ் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நோயாளி கதவைப் பார்த்து உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் மட்டும் வரும்.

தொண்ணூறு நாள் கெடுவில் எழுபத்தொன்பதாம் நாள் பதினைந்தாவது தரமாகப் போனார். அன்றைக்கு அறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதவுப் பக்கம் ஈரம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சிஸ்டரை யாரோ கூப்பிட, அவர் எழுந்து போனார். பட்டை கொக்கியில் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, பம்ப் ஹவுஸில் இருப்பதைப் போலவே வட்டமாக, கண்ணாடி போட்ட கேஜ். முள் இருபத்திரண்டில் நின்றது.

முள்ளண்ணன் எழுந்தார். தலை ஒரு சுற்று சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலை மடக்கிக் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். முள் அசையவில்லை. இன்னும் இரண்டு தட்டினார். இருபத்திரண்டு.

சிஸ்டர் வாசலில் நின்று, அதைத் தொடக்கூடாது என்றார்.

“தொடலை சிஸ்டர், தட்டினேன். இதுல யார் கையும் இல்லை, காத்தும் இல்லை. அப்புறம் எதுக்கு இருபத்திரெண்டு காட்டுது?”

“அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்யா. நான் வேலைக்கு வந்ததுல இருந்தே அப்படித்தான்.”

இப்படிப்பட்ட பதிலை அவர் இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். கோபம் வரவில்லை. நோட்டை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, பதினான்கு அளவிலும் இருபத்திரண்டைக் கழித்து எழுதினார். நூற்றைம்பது நூற்றிருபத்தெட்டானது. நூற்றிருபது தொண்ணூற்றெட்டானது. அந்த அளவில் ஓடுகிற பைப்பில் மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைதானே மாடி!

டாக்டருக்கு முதலில் பொறுமை இல்லை. மூன்று நாள் படுக்கையில் சேர்ந்து இன்னும் சில டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சீட்டுகூட எழுதி வைத்திருந்தார். முள்ளண்ணன் சீட்டை வாங்கவில்லை.

“டாக்டர், நான் வைத்தியம் படிச்சவன் இல்லை. கேஜ் பார்க்கிறவன். வேற ஒரு கேஜ்ல ஒரே ஒரு தரம் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா மூணு நாள் இல்லை, முப்பது நாள் படுக்கறேன்.”

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பாதரசக் கருவி வந்தது. டாக்டர் தானே பட்டையைச் சுற்றினார். பாதரசம் இறங்கி வரும் கண்ணாடிக் குழாயை இந்தத் தரம் நோயாளியும் சேர்ந்தே பார்த்தார். தொண்ணூற்றாறு. உடனே சுவர்க் கேஜில் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு. டாக்டர் இரண்டையும் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“முதல் நாளே உங்களுக்கு மாத்திரை தேவைப்பட்டிருக்காதுங்க. தப்பு எங்க பக்கம்.”

ஒரு மாத்திரையை அன்றே நிறுத்தி, மற்றதைப் பாதியாக்கி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

“வர்றேன் டாக்டர். பில்லோட வரணுமா, பில் இல்லாமலா?”

டாக்டர் சிரிக்கவில்லை. அவரே கவுன்டர் வரைக்கும் கூட நடந்தார். பதினைந்து வருகைக்கும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தரம் நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் திரும்ப எடுக்க முடியாது, அப்படியே முடிந்தாலும் ஒரிஜினல் பில் எல்லாம் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஆகாது என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் எல்லா பில்லும் இருந்ததில்லை என்ற தைரியத்தில்தான் சொன்னாள்.

முள்ளண்ணன் பையிலிருந்து நூலில் கோத்த கட்டை எடுத்துக் கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தார். அன்றைய பில்லையும் மடிப்பு நீவி அதன் மேல் வைத்தார்.

“பதினஞ்சு இருக்கும்மா. எண்ணிக்கோங்க. ஸ்கேன் பில் ஒன்பதாவது.”

அவள் எண்ணினாள். பதினைந்து இருந்தது.

இதற்குள் செய்தி பிரஷர் அறை வாசல் பெஞ்சுக்குப் போய்விட்டது. அங்கே காத்திருந்த ஏழு பேரும் எழுந்து, எங்களுக்கும் பாதரசத்தில் பாருங்கள் என்று வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு ஏழு பேருக்கும் பில் போடவில்லை. பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் சுவர்க் கேஜைக் கழற்றி, அந்த இடத்தின் மேலும் பெயின்ட் அடித்தார்.

எண்பத்தாறாம் நாள் நூற்றிருபத்திரண்டு. நான்கு நாளாகத் தலை சுற்றவில்லை. மிச்சமிருந்த அரை மாத்திரையும் நின்றது. எண்பத்தேழாம் நாள் சான்றிதழை இன்ஜினியர் மேஜையில் வைத்தார். இன்ஜினியர் படித்துவிட்டு, எப்படி இது என்று கேட்டார். கேஜ் ரிப்பேர் சார் என்று மட்டும் சொன்னார் முள்ளண்ணன்.

பழைய வேலைக்கே உத்தரவு கிடைத்து, அன்று மத்தியானமே தொட்டிக்குப் போனார். மனைவியும் மச்சானும் வேலிக்கு வெளியே நின்றார்கள். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார் என்று தெரியும். மூன்றாம் படியில் ஒரு நிமிடம் நின்றார். கண் தெளிவாக இருந்தது. நாற்பது, அறுபது, எண்பது. எண்பத்துநான்காம் படியில் நின்று கீழே பார்த்தார். பைப் போகிற தெருவெல்லாம் தெரிந்தது. புகார் ஜன்னலில் சீட்டு வாங்கியவர்களின் கூரைகளும் தெரிந்தன. மச்சான் கீழேயிருந்து கையை உயர்த்தி, “எவ்வளவு மச்சான்?” என்று கத்தினான். மூச்சு சீராக இருந்ததால் மேலிருந்தே பதில் வந்தது: “மூணே கால் மீட்டர்!”

இறங்கி வந்து பம்ப் ஹவுஸுக்குள் போனார். மாற்று ஆள் எழுதி வைத்திருந்த அன்றைய பக்கத்தில், இன்னும் வராத மணிகளுக்கான அளவுகளை ஒற்றைக் கோட்டால் அடித்தார். சுவர்க் கேஜின் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். முள் லேசாக நடுங்கி, தன் இடத்துக்கு வந்து நின்றது. மணி இரண்டு ஐந்து. பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார்.