கம்பளி சுற்றிய மாவு

பிரியந்தி என்ற பெயரை மீனம்மா முதன்முதலாகக் கேட்டது கந்தப்பளையில், ஒரு கருமாதி வீட்டில். செத்தவர் மீனம்மாவின் புருசனுக்குப் பெரியப்பா மகன். அவருடைய தங்கச்சி காளியாயிதான் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கடித்தாள்.

"ஒங்க மகன் ஜீவராஜுக்கு ஒரு புள்ள இருக்கு மதினி. எங்க வீட்டுக்காரரோட தம்பி மக. முறையும் சரியா வருது. பேரு பிரியந்தி."

"சிங்களப் புள்ளையா?"

"நல்லா கேட்டீங்க போங்க. அவுங்கப்பன் ஆசைப்பட்டு வச்ச பேரு. புள்ள ஏ.எல். பரீட்சை முடிச்சிருக்கு, கம்பியூட்டரும் படிச்சிருக்கு. சமைக்கத்தான் தெரியாது. அதை இப்பவே சொல்லிப்புட்டேன், பின்னாடி என்னையக் கேக்கக்கூடாது."

காளியாயி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கல்யாணம் முடிந்து கொட்டகலை மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்த மருமகள், முதல் வாரம் வைத்த பருப்பில் மஞ்சளும் இல்லை, உப்பும் இல்லை. ஜீவராஜ் ஹட்டனில் இரும்புக் கடையில் வேலை செய்பவன். சாப்பாட்டுப் பார்சலை அன்றைக்கு அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, "கடைப் பூனைக்கே வேணாமாம்" என்று சொல்லிச் சிரித்தான்.

பிரியந்தி கோபப்படவில்லை. பகலில் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கொழுந்தெடுக்கிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. சாயங்காலம் பிள்ளைகளைத் தூக்கிப்போக வருகிற தாய்மாரிடம், அன்றைக்கு யார் வீட்டில் என்ன கறி என்று கேட்பாள். லீக்ஸ் போட்ட பருப்பு, கருவாட்டுக் குழம்பு, கோதுமை மா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற சம்பல் என்று கேட்டதையெல்லாம் வீட்டில் செய்து பார்ப்பாள். நன்றாக வந்துவிட்டால் படம் பிடித்து போனில் எழுதி வைப்பாள். மறந்துவிடக் கூடாதே என்று ஆரம்பித்தது, பிறகு ஒரு வெப்சைட் ஆகிப்போனது. 'லயத்து அடுப்படி' என்று அவளே பெயர் வைத்தாள்.

மீனம்மாவுக்கும் அதைக் காட்டினாள். புதிதாகப் போடுகிற சமையல் மேலே வந்து நிற்கும், பழசு கீழே இறங்கும். படத்தைத் தொட்டால் சாமான் என்னென்ன, செய்வது எப்படி என்று விரியும். அடியில் படித்தவர்கள் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம்.

"இதை யாரு பாக்கப்போறா?" என்றாள் மீனம்மா.

"பாக்குறாங்க மாமி. மன்னார்ல இருந்து ஒருத்தவுங்க எழுதியிருக்காங்க."

"மன்னாருக்காரவுங்களுக்கு நம்ம லீக்ஸ் எதுக்கு?" என்று கேட்டாலும், அன்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது நாலு பேரிடம் மீனம்மா அதைச் சொல்லாமல் இல்லை.

மீனம்மாவின் மூத்த மகள் கோசலா. கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் கட்டிக்கொடுத்திருந்தது. புருசன் வீட்டார் வியாபாரக்காரர்கள். தான் லயத்தில் பிறந்தவள் என்பதை அங்கே அவள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இந்த வெப்சைட்டை மட்டும், "என் தம்பி பொஞ்சாதி செய்றது" என்று ஓர்ப்படியாளுக்குக் காட்டியிருக்கிறாள். அதோடு விட்டாளா? புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிற அன்றைக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையால் இட்லி, அதுவும் இதைப் பார்த்துத்தான் என்று சொல்லிவிட்டாள். வத்தளைக்குப் போன நாளிலிருந்து தோசை மாவைக் கடையிலேயே வாங்கிப் பழகியவள் அவள்.

பிரியந்திக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. அவளைத் தனியே விட்டுப் போக முடியாதென்று கொட்டகலையிலிருந்து யாரும் போகவில்லை. என்ன நடந்தது என்பது, பிள்ளை பிறந்து, பார்க்க வந்த கோசலா வாயால்தான் தெரிந்தது.

பிள்ளைக்குச் சங்கிலி போட்டு, முத்தம் கொடுத்து, தொட்டிலில் போட்டாள். பிறகு அடுப்படிக்கு வந்து பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த வெப்சைட்டை எடுத்துரு புள்ள."

பிரியந்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏன் மதினி?"

"எடுத்துருன்னா எடுத்துரு. மொத நாள் காலையில மாவாட்டி, நீ எழுதுன மாதிரியே புது வீட்டு அடுப்படியில வச்சேன். பால் காய்ச்சாம அங்க படுக்கக்கூடாதுன்னு பூட்டிட்டு வந்துட்டோம். விடியக் கதவைத் திறந்தா, மாவு பானையை விட்டு எறங்கி, புது டைல்ஸ்ல ஓடி, வாசக்கதவு வரைக்கும் வந்து நிக்குது. வீடே புளிச்ச நாத்தம்."

ஜீவராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பால் பொங்குறதுக்கு முந்தி மாவு பொங்கிருச்சா அக்கா? நல்ல சகுனந்தானே."

"நீ வாய மூடு. வந்தவுங்களுக்குக் கடையில வாங்குன பாண் ரொட்டியும் சம்பலும் குடுத்தேன். என் ஓர்ப்படியா எல்லாரு முன்னாடியும் என்னா சொன்னா தெரியுமா? லயத்துச் சமையல் லயத்துலதான் சரிவரும்னு சொன்னா. எனக்கு உசுரே போயிருச்சு. இனி அந்தப் பேரும் வேணாம், அந்தப் படமும் வேணாம்."

அடுப்பில் விறகு வெடித்தது. ஜீவராஜின் சிரிப்பும் போய்விட்டது. "சரி, அக்கா மனசு நோகுதுன்னா அழிச்சிரு" என்று பிரியந்தியிடம் மெதுவாகச் சொன்னான். மீனம்மா மருமகள் முகத்தைப் பார்த்தாள். பருப்பில் உப்புப் போடத் தெரியாமல் வந்த பெண், ஊரெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது அது. அதற்காக மகளிடம் பேசினால் மகள் கோபித்துக்கொண்டு போவாள், பேசாமல் இருந்தால் இவள் நெஞ்சு உடையும். மீனம்மா வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரியந்தி அழவில்லை. தேத்தண்ணியை மதினி கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பானையை எப்படி வச்சீங்க மதினி?"

"எப்படி வைப்பாங்க? கம்பளியச் சுத்தி, அடுப்போரமா வச்சேன்."

"வத்தளையிலயா? கம்பளியா?"

"நீதானே எழுதியிருக்க. அம்மாவும் அப்படித்தானே வைக்கும்."

சொல்லிவிட்டுக் கோசலாவே நிறுத்தினாள். அது காற்றாடி போடாமல் கண்ணை மூட முடியாத ஊர். பானைக்கு மட்டும் கம்பளி.

மீனம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெற்றிலையோடு சிரித்ததில் புரையேறிவிட்டது. கோசலா தாயின் முதுகைத் தட்டிக்கொண்டே, "சிரிங்க, சிரிங்க" என்றாள். அவளுக்கும் சிரிப்பு முட்டியது.

பிரியந்தி மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்து, இட்லிப் பக்கத்தின் அடியில் ஆட்கள் எழுதியிருந்ததைக் கீழேவரை தள்ளித் தள்ளிப் படித்தாள். கந்தப்பளை, பஞ்சு மாதிரி வந்தது. ஹட்டன், நல்லா இருக்கு. மன்னார், புளிச்சிப்போச்சு. மட்டக்களப்பு, புளிச்சிப்போச்சு. புளித்தது என்று எழுதிய அத்தனை பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் போட்டிருந்தாள்: உளுந்து பழசாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

"ஒங்க ஓர்ப்படியா சொன்னது நெசந்தான் மதினி. நான் லயத்துக்குத்தான் எழுதியிருக்கேன். இந்தக் குளிர்ல ராவும் மறுநாளும் கம்பளிக்குள்ள வச்சாத்தான் நமக்குப் பொங்கும். மத்த ஊர்ல வெயில் அடிக்கும்கிறது எனக்குத் தோணவே இல்ல. பாவம், அவுங்க உளுந்தைப் போய்க் குத்தம் சொல்லிப்புட்டேன்."

"அப்ப எடுக்கப்போறியா, இல்லையா?"

"நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன். ஆனா ஒரு தரம் வத்தளையில கம்பளி இல்லாம வச்சுப் பாத்துச் சொல்றீங்களா? எனக்கு அங்க வேற யாரு இருக்கா?"

கோசலா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தாள். போகும்போது, "பாப்போம்" என்றாள்.

மறுபடி கோசலா போன் போட்டது பிள்ளைக்குப் பேர் வைத்த பிறகு. பேசிய பிரியந்திக்குப் பக்கத்தில் மீனம்மா இருந்தாள்.

"வெள்ளன ஆட்டி வச்சேன், பொழுது சாயறதுக்குள்ள வந்துருச்சு. கம்பளியும் வேணாம், அடுப்போரமும் வேணாம். ஓர்ப்படியா நாலு இட்லி தின்னுட்டு அஞ்சாவதுக்குத் தட்டை நீட்டுறா."

பிரியந்தி அன்றே இட்லிப் பக்கத்தைப் பிரித்து எழுதினாள். பக்கத்துக்கு மேலே இரண்டு கட்டம்: 'குளிர் ஊர்', 'வெயில் ஊர்'. எதைத் தொடுகிறோமோ அந்த ஊருக்கான செய்முறை வரும். மன்னார்க்காரம்மாவுக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். வெயில் ஊர்க் கட்டத்துக்குக் கீழே, செய்து பார்த்தவர் கோசலா, வத்தளை என்று போட்டாள்.

அதைப் பார்த்துவிட்டுக் கோசலா திரும்பவும் போன் போட்டாள். "என்னா, வத்தளையோட நிறுத்திட்ட? பொறந்த ஊரையும் போடு."

"லயம்னு போடவா மதினி?"

"வெப்சைட் பேருலயே போட்டுட்ட, அப்பறம் என்னா கேள்வி" என்றாள் கோசலா.

இப்போது மன்னார்க்காரம்மா வெயில் ஊர்ப் பக்கத்துக்கு ஆப்பமும் பனங்காய்ப் பணியாரமும் எழுதி அனுப்புகிறாள். பிரியந்தி கொட்டகலையில் அதே லயத்தில்தான் இருக்கிறாள். பகலில் பிள்ளைமடுவத்து வேலை, சாயங்காலம் வெப்சைட். கைப்பிள்ளைக்கு இப்போது நடை வந்துவிட்டது.